சாயங்காலம் மட்டும் விழும் எம்சிபி: லோடு அதிகமா, வேறு காரணமா?

மாடிவீடு (மதுரை) | வியாழன், இரவு 9.40

வணக்கம். முதல் மாடியில் குடியிருக்கிறோம். தனி மீட்டர், சிங்கிள் பேஸ். மீட்டர் கீழே இருக்கிறது. அங்கிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் சுமார் 15 மீட்டர் மேலே வந்து, மாடிப்படி ஓரம் இருக்கும் பாக்ஸில் 20 ஆம்பியர் எம்சிபியில் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) சேர்கிறது. சி வகை.

போன மாதம் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கினோம். அதிலிருந்து ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஏசியும் தண்ணீர் மோட்டாரும் (1 எச்பி) சேர்ந்து ஓடினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் எம்சிபி விழுந்துவிடுகிறது. பகலில் இதே இரண்டும் ஓடினால் ஒன்றும் ஆவதில்லை. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் ராத்திரி மின்விசிறிகூட நின்றுபோவது பெரிய தொல்லையாக இருக்கிறது.

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "லோடு ஜாஸ்தி, 32 ஆம்பியர் போட்டுவிடலாம்" என்கிறார். போடலாமா?

பழைய வயர்மேன் (திருச்சி) | வியாழன், இரவு 10.15

தம்பி, போடாதீர்கள். முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

எம்சிபியின் அளவு உங்கள் லோடுக்காக வைப்பது இல்லை, சுவருக்குள் ஓடும் வயருக்காக வைப்பது. 2.5 வயர் பைப்புக்குள் போகும்போது சுமார் 20 ஆம்பியர் பக்கம்தான் நிம்மதியாகத் தாங்கும். 32 ஆம்பியர் எம்சிபி, தன் அளவைப் போல 1.13 மடங்கு, அதாவது 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் விழக்கூடாது என்பதுதான் தர விதி. வயரில் வரும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். 20 ஆம்பியருக்கு வரும் சூட்டைப் போல 36 ஆம்பியருக்கு மூன்று மடங்குக்கு மேல். எம்சிபி விழாது, வயர்தான் உருகும்.

உங்கள் பதிவில் நல்ல தகவல் ஒன்று இருக்கிறது. இருபது நிமிடம் கழித்து விழுகிறது என்கிறீர்கள். எம்சிபிக்குள் இரண்டு ஏற்பாடு உண்டு. ஷார்ட் ஆனால் காந்தச் சுருள் உடனே தட்டிவிடும். சி வகையில் அது ஐந்து முதல் பத்து மடங்கு கரண்டுக்கு. ஓவர்லோடு என்றால் உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை மெதுவாகச் சூடேறி வளைந்து தட்டும். உங்களுடையது இந்த இரண்டாவது. அதாவது அந்தப் பட்டைக்கு எங்கிருந்தோ சூடு வருகிறது. லோடிலிருந்துதான் வருகிறதா என்பதை அளந்து பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

இயற்பியல் ஆசிரியை | வியாழன், இரவு 10.50

உத்தேசக் கணக்கு: ஏசி 1500 வாட், மோட்டார் 746 வாட், பிரிட்ஜ், மூன்று பேன், லைட் எல்லாம் சேர்ந்து 400 வாட். மொத்தம் 2650 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 11.5 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி விழ இதில் காரணமே இல்லை.

மோட்டார் பட்டறை (கோவை) | வெள்ளி, காலை 7.20

மேடம், மோட்டார் கணக்கு மட்டும் தவறு. 1 எச்பி, 746 வாட் என்பது ஷாப்டில் வெளியே வரும் வேலை. உள்ளே வாங்குவது அதைவிட அதிகம். வீட்டு மோனோபிளாக்கில் 1100 வாட் வரை இழுப்பதை தினமும் பட்டறையில் பார்க்கிறோம். அப்புறம் பவர் பேக்டர் இருக்கிறது. மோட்டார் தகட்டில் ஆம்பியர் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், 1 எச்பிக்கு ஆறு ஏழு ஆம்பியர் இருக்கும். வயருக்கும் எம்சிபிக்கும் அந்த எண்தான் முக்கியம்.

இயற்பியல் ஆசிரியை | வெள்ளி, காலை 7.45

சரிதான், நன்றி. பாடத்தில் நடத்தியும் இங்கே விட்டுவிட்டேன். வாட் = வோல்ட் × ஆம்பியர் × பவர் பேக்டர். வாட்டை வெறும் வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் குறைவாகத்தான் காட்டும்.

மாடிவீடு சார், வாட்டை எந்தக் கருவியும் இல்லாமல், எதையும் திறக்காமல் உங்கள் மீட்டரை வைத்தே அளக்கலாம். மீட்டரில் சிவப்பு எல்இடி ஒன்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பது முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருந்தால்: ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், அதை 3200 ஆல் வகுத்தால் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். பத்து சிமிட்டலுக்கு எத்தனை நொடி என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். 11,250 ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். பூஜ்யத்தில் தொடங்கி எண்ணுங்கள், முதல் சிமிட்டலை ஒன்று என்று எண்ணினால் கணக்கு ஒன்று பிசகும்.

மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு எடுங்கள். ஏசியை மட்டும் போட்ட முதல் சில நிமிடத்துக்குள், கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போது எடுக்க வேண்டும். அறை குளிர்ந்த பிறகு இன்வெர்ட்டர் ஏசி பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

மாடிவீடு (மதுரை) | சனி, பகல் 12.30

மீட்டரில் 3200 என்றுதான் இருக்கிறது. மூன்று முறை எடுத்துச் சராசரி போட்டேன். பத்து சிமிட்டலுக்கு:

ஏசி மட்டும் 7.5 நொடி, 1500 வாட்.
மோட்டார் மட்டும் 10.2 நொடி, 1103 வாட்.
பிரிட்ஜ், பேன், லைட் 30 நொடி, 375 வாட்.

மோட்டார் பட்டறை அண்ணா சொன்ன 1100 அப்படியே வந்தது. எனக்கே ஆச்சரியம். மச்சானிடம் டாங் டெஸ்டர் (வயரை வளையத்துக்குள் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி) இருக்கிறது, அதையும் வாங்கிவந்தேன். ஆனால் பிரிட்ஜ் வயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டுகிறது. பிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டெஸ்டர் கெட்டுப்போனதா?

பழைய வயர்மேன் (திருச்சி) | சனி, பகல் 1.10

டெஸ்டர் நன்றாக இருக்கிறது தம்பி. பிரிட்ஜ் வயருக்குள் பேஸும் நியூட்ரலும் சேர்ந்து போகின்றன. போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடும், காந்தப் புலம் மிஞ்சாது. ஒரே ஒரு வயர்தான் வளையத்துக்குள் இருக்க வேண்டும். பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றின் வெளி உறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, உள்ளே இருக்கும் மூன்று வயரையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். உள் இன்சுலேஷனில் கீறல் விழக்கூடாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இந்த வேலை. அதன் வழியாக எந்தப் பொருளையும் அளக்கலாம்.

சின்ன லோடு என்றால் டெஸ்டர் துல்லியமாகக் காட்டாது. வயரைப் பத்துச் சுற்று வளையத்துக்குள் சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பாக்ஸைத் திறந்து அளப்பதை மட்டும் நீங்கள் தனியாகச் செய்யவேண்டாம். எம்சிபியை இறக்கினாலும் மேல் முனையில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

யாழ் வாசகன் (யாழ்ப்பாணம்) | சனி, பிற்பகல் 3.05

இடையில் கேட்கிறேன், மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் சுடுநீர் கீசரைப் போட்ட உடனே ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. மற்ற எதையும் போடாமல் கீசர் மட்டும் போட்டாலும் அப்படித்தான். இதுவும் லோடு கூடின பிரச்சினையா?

பழைய வயர்மேன் (திருச்சி) | சனி, பிற்பகல் 3.30

இல்லை. நீங்கள் ட்ரிப் சுவிட்ச் என்பதை இங்கே ஆர்சிசிபி என்போம். அதற்கு லோடு எத்தனை என்பது தெரியவே தெரியாது. பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டும்தான் பார்க்கும். வீட்டில் போடுவது 30 மில்லி ஆம்பியர், அவ்வளவு வித்தியாசம் வந்தால் விழ வேண்டும். மேலே தம்பிக்கு டாங் டெஸ்டர் பூஜ்யம் காட்டியதே, அதே தத்துவம்தான். பூஜ்யம் வராவிட்டால் மிச்சக் கரண்ட் எர்த்துக்கோ உங்கள் உடம்புக்கோ போகிறது என்று அர்த்தம்.

பெரும்பாலும் கீசரின் ஹீட்டிங் காயில் உறை வெடித்துத் தண்ணீரில் கசியும். சரி பார்க்கும்வரை அந்தக் கீசரைத் தொடவேண்டாம். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேர்க் கனெக்ஷன் கொடுக்கிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள். அது ஒன்றுதான் இப்போது உங்கள் வீட்டாரைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறது.

மாடிவீடு (மதுரை) | ஞாயிறு, இரவு 9.15

இன்று வேறொரு எலக்ட்ரீஷியனை வரவழைத்து, அவர் கையால் பாக்ஸைத் திறந்து அளந்தோம்.

பகல் 11 மணி, 228 வோல்ட்: ஏசி 6.9, மோட்டார் 6.6, மற்றவை 1.8. கூட்டினால் 15.3. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டு மெயினில் மாட்டினால் 15.0 தான் காட்டியது.

ராத்திரி 7.45, மேலே பாக்ஸில் 196 வோல்ட், கீழே மீட்டரில் 201. மொத்தக் கரண்ட் 16.9. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. வோல்ட் குறைந்தால் கரண்டும் குறையாதா? இங்கே ஏறியிருக்கிறதே?

இயற்பியல் ஆசிரியை | ஞாயிறு, இரவு 10.00

அருமையான அளவுகள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

15.3, 15.0 வித்தியாசம்: மோட்டாரின் கரண்ட் வோல்ட்டுக்குச் சற்றுப் பின்தங்கி வரும், ஏசியினுடையது கிட்டத்தட்டக் கூடவே வரும். இரண்டும் ஒரே நொடியில் உச்சத்தைத் தொடுவதில்லை. அதனால் ஆம்பியர்களை நேராகக் கூட்டினால் உண்மையைவிடக் கொஞ்சம் அதிகம் வரும். உங்கள் மோட்டாரின் பவர் பேக்டர்: 228 × 6.6 = 1505. மீட்டர் காட்டியது 1103. வகுத்தால் 0.73. ஏசிக்கு இதே கணக்கில் 0.95.

வோல்ட் குறைந்தால் கரண்ட் குறையும் என்பது கீசர், இஸ்திரிப் பெட்டி, குண்டு பல்பு போன்றவற்றுக்கு. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 200 வோல்ட்டில் 7.6 தான் இழுக்கும், தண்ணீர் சுட நேரமாகும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் ஏசி அப்படி இல்லை. தனக்கு 1500 வாட் வேண்டும் என்றால் வோல்ட் குறையும்போது ஆம்பியரை ஏற்றிக்கொண்டு அதே 1500 ஐ எடுத்துவிடும். 196 வோல்ட்டில் உங்கள் ஏசி மட்டும் 8 ஆம்பியர். தண்ணீரைத் தூக்கவேண்டிய மோட்டாரும் பெரும்பாலும் அப்படித்தான். ஊரே ஏசி போடும் நேரத்தில் வோல்ட் இறங்கி, அதனால் உங்கள் கரண்ட் ஏறுகிறது. பகலில் விழாமல் ராத்திரியில் விழுவதற்கு இது பாதிக் காரணம்.

பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், 16.9 ஆம்பியருக்கும் 20 ஆம்பியர் எம்சிபி விழக்கூடாது. இன்னொன்றும் கண்ணில் படுகிறது. 2.5 காப்பர் வயருக்கு மீட்டருக்கு 7.4 மில்லி ஓம். போக வர 30 மீட்டர், 0.22 ஓம். 16.9 ஆம்பியர் ஓடினால் வயரில் இழக்க வேண்டியது 3.8 வோல்ட். நீங்கள் 5 வோல்ட் இழந்திருக்கிறீர்கள். மிச்சம் ஒரு வோல்ட்டுக்கு மேல் எங்கே போனது?

பழைய வயர்மேன் (திருச்சி) | ஞாயிறு, இரவு 10.40

மேடம் கேட்ட கேள்விதான் கேள்வி. ஆனாலும் ஒரு வோல்ட்டை வைத்து முடிவு கட்ட மாட்டேன். கீழே அளந்துவிட்டு மேலே ஏறுவதற்குள் லைனே இரண்டு வோல்ட் ஆடியிருக்கும். நேராகச் சந்தேகப்பட்ட இடத்தில் அளக்க வேண்டும்.

மல்டிமீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) மில்லிவோல்ட்டில் வைத்து, எம்சிபிக்குள் வருகிற வயரின் செம்பில் ஒரு முனை, வெளியே போகிற வயரின் செம்பில் ஒரு முனை. முழு லோடு ஓட வேண்டும். நல்ல 20 ஆம்பியர் எம்சிபி என்றால் நூறு மில்லிவோல்ட்டை ஒட்டித்தான் வரும். ஐந்நூறு, ஆயிரம் என்று வந்தால் ஸ்குரூ லூஸ், அல்லது உள்ளே காண்டாக்ட் தீய்ந்திருக்கிறது. இதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். எம்சிபி அந்த நேரம் விழுந்துவிட்டால் இரண்டு முனைக்கும் நடுவே முழு 200 வோல்ட் வந்து நிற்கும். மீட்டரும் அதைத் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும்.

பாக்ஸ் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது?

புதுவீடு | திங்கள், காலை 8.10

எனக்கு ஒரு சந்தேகம். பவர் சேவர் என்று ஒரு பாக்ஸ் விற்கிறார்களே, பிளக் பாயிண்டில் மாட்டுவது. அதை மாட்டினால் மோட்டார் லைனில் டாங் டெஸ்டர் 6.4 இலிருந்து 5.7 க்கு இறங்குகிறது. என் கண்ணால் பார்த்தேன். அப்படியானால் பில்லும் குறையும்தானே?

இயற்பியல் ஆசிரியை | திங்கள், காலை 8.50

நீங்கள் பார்த்தது உண்மை, ஆனால் பில் குறையாது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு கெபாசிட்டர். மோட்டாருக்குக் காந்தப் புலம் உண்டாக்க ஒரு பங்கு கரண்ட் தேவை. அது போய்ப் போய்த் திரும்பி வந்துவிடும், செலவாவதில்லை. பக்கத்து வீட்டில் அண்டா இரவல் வாங்கி, விசேஷம் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது போல. செலவுக் கணக்கில் அது வராது, தூக்கிச் சுமந்த தோளுக்குத்தான் வலி. வயர்தான் இங்கே தோள். கெபாசிட்டர் அந்த அண்டாவை வீட்டுக்குள்ளேயே கொடுக்கிறது. அதனால் பெட்டிக்கு முந்திய வயரில் ஆம்பியர் குறைகிறது. வீட்டு மீட்டர் எண்ணுவதோ செலவான வாட்டை மட்டும்.

என்னை நம்பவேண்டாம், சிமிட்டலை எண்ணிப் பாருங்கள். பெட்டியோடு ஒரு முறை, பெட்டி இல்லாமல் ஒரு முறை.

மோட்டார் பட்டறை (கோவை) | திங்கள், காலை 9.30

கூடவே ஒன்று. மோட்டாருக்கே ரன்னிங் கெபாசிட்டர் இருந்தால் அதை ஒரு தடவை அளந்து பாருங்கள். மேலே எழுதியிருக்கும் மைக்ரோபாரடுக்கு ரொம்பக் கீழே இறங்கியிருந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், பாடி சுடும். சின்னச் செலவு. அதைப் பார்க்காமல் காயில் கட்டக் கொண்டுவருபவர்கள் நிறைய.

புதுவீடு | திங்கள், இரவு 7.55

எண்ணினேன். பெட்டி இல்லாமல் பத்து சிமிட்டல் 10.4 நொடி. பெட்டியோடும் 10.4. நான்கு முறை எடுத்தேன், 10.3 இலிருந்து 10.5 க்குள்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டு அம்மா நாளைக்கு இதை வாங்க இருந்தார்கள், போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாடிவீடு (மதுரை) | செவ்வாய், இரவு 10.20

ஐயா, கண்டுபிடித்துவிட்டோம்.

மேற்குச் சுவர் அது. சாயங்காலம் கை வைத்தால் சுடும். எலக்ட்ரீஷியன் முழு லோடில் எம்சிபிக்குக் குறுக்கே அளந்தார். 900 மில்லிவோல்ட். உடனே கீழே கட்அவுட் பியூஸைப் பிடுங்கிவிட்டு எம்சிபியைக் கழற்றினார். கீழ் முனையில் ஒரே ஸ்குரூவுக்குள் இரண்டு வயர் திணித்திருந்தார்கள். ஒன்று 2.5, இன்னொன்று 1. தடிமனானது ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ள, மெல்லியதற்குப் பிடியே இல்லை. ஆட்டி ஆட்டி இரண்டுமே தளர்ந்திருக்கின்றன. இன்சுலேஷன் ஒரு அங்குலத்துக்குப் பழுப்பாகி, தொட்டால் உதிர்கிறது. எம்சிபியின் ஓரமும் உருகியிருந்தது.

இயற்பியல் ஆசிரியை | செவ்வாய், இரவு 10.35

0.9 வோல்ட் × 16.9 ஆம்பியர் = 15 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னைப் பற்றவைத்து அந்த மூடிய பெட்டிக்குள் எம்சிபியை ஒட்டி வைத்த மாதிரி. இரட்டை உலோகப் பட்டைக்கு லோடு சூடு எது, லூஸ் கனெக்ஷன் சூடு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வீட்டு எம்சிபிகளை 30 டிகிரி வெப்பத்துக்குத்தான் அளவு வைத்துச் செய்கிறார்கள். மேற்குச் சுவர் வேறு. கரண்டு பகலில் 15, ராத்திரியில் 17. சூடு வர்க்கத்தில் ஏறும் என்பதால் அந்த இரண்டு ஆம்பியரே போதுமாக இருந்திருக்கிறது.

பழைய வயர்மேன் (திருச்சி) | செவ்வாய், இரவு 10.55

32 ஆம்பியர் போட்டிருந்தால் அந்த ஸ்குரூ அப்படியே லூஸாக இருந்திருக்கும். விழாமல் எரிந்துகொண்டு இருந்திருக்கும், குழந்தை தூங்கும் வீட்டில்.

இப்போது செய்ய வேண்டியது: தீய்ந்த வயரைப் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிவிடுங்கள். அதே 20 ஆம்பியரில் புது எம்சிபி. ஒரு முனைக்கு ஒரு வயர், கூடுதல் லைன்களுக்கு பஸ்பார் (பல வயரைத் தனித்தனி ஸ்குரூவில் சேர்க்கும் உலோகப் பட்டை) போடச் சொல்லுங்கள். பழைய எம்சிபியைத் துடைத்து மாட்டவேண்டாம், உருகியது உருகியதுதான். கை காசு சேர்ந்ததும் ஏசிக்கு மீட்டரிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம்மில் தனி லைன் இழுங்கள். அப்போதே உங்கள் சர்வீஸுக்கு எத்தனை கிலோவாட் அனுமதி வாங்கியிருக்கிறது என்று பார்த்து, போதாவிட்டால் ஏற்றிக்கொள்ளுங்கள். அதுவரை மோட்டாரைக் காலையில் போடுங்கள்.

யாழ் வாசகன் (யாழ்ப்பாணம்) | புதன், மாலை 5.40

கீசரைக் கழற்றிப் பார்த்தாயிற்று. ஐயா சொன்னபடியே காயில் உறை வெடித்து, உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து கிடந்தது. புதுக் காயில் போட்டோம். இப்போது விழவில்லை. நன்றி ஐயா.

மாடிவீடு (மதுரை) | அடுத்த வெள்ளி, இரவு 9.05

புது எம்சிபி, பஸ்பார் எல்லாம் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. ஒருமுறைகூட விழவில்லை. சோதனைக்காக ஒரே ஒரு ராத்திரி ஏசியையும் மோட்டாரையும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஓட்டினோம், 197 வோல்ட், 16.7 ஆம்பியர். எம்சிபிக்குக் குறுக்கே இப்போது 80 மில்லிவோல்ட். பாக்ஸின் மூடியில் கை வைத்துப் பார்த்தேன், சுவரின் சூடுதான் இருக்கிறது, தனியாக ஒன்றும் தெரியவில்லை.

கீழ் வீட்டுக்கும் அப்போது வயரிங் செய்தது அதே ஆள்தான். வீட்டுக்காரம்மாவிடம் வெட்டியெடுத்த வயரைக் காட்டினேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பாக்ஸையும் திறந்து அளக்கிறோம்.